அடைக்கோழி

காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. பைக்குள் வளையல் இருக்கிறது. எல்லாம் கண்ணாடி வளையல். இந்த பஸ் குலுக்குகிற குலுக்கலில் சங்கரன்கோவில் போவதற்குள் எத்தனை மிஞ்சும் என்று தெரியவில்லை.

தங்கச்சிக்கு இன்றைக்கு வளைகாப்பு. ஒரே தங்கச்சி, இசக்கியம்மாள். ஏழாவது மாதம். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் காலையிலேயே வேன் பிடித்துப் போய்விட்டார்கள். போகிறவர்கள் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு வளையலை மறந்துவிட்டார்கள். வளைகாப்புக்குப் போகிறவர்கள்! நல்லவேளை, நான் வீட்டில் இருந்தேன். ஒரு ஆடு குட்டி போடும் நேரம், விட்டுவிட்டுப் போக முடியவில்லை. இரட்டைக் குட்டி. இரண்டும் பெட்டை.

ஆமாம், ஆடுதான் தொழில். கன்னி ஆடு. கறுத்த உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, பார்த்திருப்பீர்கள். கோவில்பட்டிச் சந்தையில் ஆட்டுச் சீனிராஜ் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். என்னிடம் நாற்பது உருப்படிக்குக் குறைந்து இருந்ததில்லை. எதையும் எழுதி வைப்பதில்லை. எல்லாம் தலைக்குள்தான். எந்த ஆட்டைக் காட்டினாலும் அதன் தாய், தாய்க்குத் தாய் என்று ஆறு தலைமுறை சொல்வேன். எந்தக் கிடாய்க்குப் பிறந்தது, எத்தனை குட்டி போட்டது, எது செத்தது, எதனால் செத்தது, எல்லாம் சொல்வேன்.

ஒரு விஷயம் சொல்கிறேன் கேளுங்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு குட்டி கீழ்த்தாடை குட்டையாகப் பிறந்தது. பால் குடிக்க வரவில்லை, மூன்றாம் நாள் போய்விட்டது. எல்லாரும் என்ன சொன்னார்கள்? "தாய்தான் சரியில்ல, தள்ளிவிடு" என்றார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கிடாய் வந்த ஊருக்கு நேரில் போனேன். விசாரித்தேன். அந்தக் கிடாயோடு கூடப் பிறந்த பெட்டை ஒன்று இதே மாதிரி ஒரு குட்டி போட்டிருக்கிறது! அதை மறைத்து எனக்கு விற்றிருக்கிறான். வந்தேன், கிடாயையும் தள்ளினேன், தாயையும் தள்ளினேன். இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் அண்ணாச்சி. ஒரு பக்கம் மட்டும் பார்க்கிறவன் ஆடு வளர்க்க லாயக்கில்லாதவன்.

அதே மாதிரி, ஒரு கிடாயை அதன் வழியில் வந்த பெட்டையோடு சேர விடமாட்டேன். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அசலூரிலிருந்து கிடாய் மாற்றிவிடுவேன். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்தால் குட்டி சோடை போகும்.

தங்கச்சியா? அவளை அத்தை மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். அப்பாவோடு கூடப் பிறந்த அத்தை. சொந்தம் விட்டுப் போகக் கூடாது இல்லையா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான்தான் முன்னால் நின்று முடித்துவைத்தேன். தங்கமான மாப்பிள்ளை. முறுக்குக் கம்பெனிக்கு லைன் வண்டி ஓட்டுகிறார், கடை கடையாகச் சரக்குப் போடுகிற வண்டி. தலைப்பிரசவம் நம் வீட்டில்தானே பார்க்க வேண்டும்? சாயங்காலம் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பக்கத்திலேயே ஒரு நர்சிங்ஹோம் இருக்கிறது. சின்னதுதான். ஆனால் கைராசிக்கார டாக்டர்.

என் கதை வேறு. நான் சொந்தத்தை விட்டு அசலில் கட்டினேன். எட்டயபுரத்துப் பக்கம். மாரிச்செல்வி என்று பெயர். குற்றம் சொல்ல முடியாது, நல்ல பெண். ஆடு கத்துகிற கத்தலை வைத்தே எந்த ஆடு என்று சொல்லிவிடுவாள். ஆனால் அசல் அசல்தான் அண்ணாச்சி. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டது?

எங்களுக்கு ஒரு பெண். தாரணி. ஆறு வயது. பிறந்ததிலிருந்தே பூஞ்சை உடம்பு. அழுதால் உதடு ஒரு மாதிரி கறுக்கும். நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு பழக்கம் வந்தது. நாலு எட்டு ஓடுவாள், உடனே குந்திக்கொள்வாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து திரும்ப ஓடுவாள். திரும்பக் குந்துவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். "அடைக்கோழி, ஏ அடைக்கோழி, முட்டை போட்டாச்சா?" என்று கேட்பேன். அதுவும் சிரிக்கும்.

ஒருநாள் மாரிச்செல்வி கேட்டாள், "அடைக்கோழியா? இந்தப் பேரை எங்க பிடிச்சீங்க? யாரை இப்படிக் கூப்பிடுவீங்க?"

"ஆடு வளக்குறவன் கோழியைப் பாத்ததில்லையா? போடீ" என்றேன்.

மூன்று வயதில் அங்கன்வாடிக்கு அனுப்பினோம். அங்கே பிள்ளைகளைப் பரிசோதிக்க டாக்டர் கூட்டம் ஒன்று வரும். வந்தவர்கள் இவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்கள். திரும்பவும் கேட்டார்கள். விரல் நகத்தைப் பார்த்தார்கள். உடனே மதுரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மதுரையில் ஒரு டாக்டரம்மா. பொறுமையான மனுஷி. தாளில் படம் போட்டுக் காட்டினார். இருதயத்துக்குள் நாலு அறை, நடுவில் சுவர். அந்தச் சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகிற வழி வேறு குறுகல். அதனால் சுத்தமாகாத ரத்தம் உடம்புக்குள் போகிறது, அதுதான் உதடும் நகமும் நீலமாகிறது என்று தாரணி உதட்டைத் தொட்டுக் காட்டினார். அப்புறம், "ஓடினா குந்துவாளா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. எப்படி இவருக்குத் தெரிந்தது?

"குந்தினா நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலா ரத்தம் போகும். பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரல. உடம்பு தானே கண்டுபிடிச்சுக்கிட்டது" என்றார்.

ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. இப்போது ஒன்றாம் வகுப்பு. ஓடுகிறாள். ஆட்டுக் குட்டியை விரட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாள். குந்துவதே இல்லை. நெஞ்சில் மட்டும் கழுத்துக்குக் கீழே இருந்து ஒரு நேர்கோடு, தழும்பு. அதனால்தான் இன்றைக்கு அவளையும் அவள் அம்மாவையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். நல்ல காரியம் நடக்கிற இடம், நாலு பேர் பார்ப்பார்கள், "என்ன தழும்பு?" என்பார்கள். எதற்கு வம்பு?

ஆனால் கேளுங்கள், என் மனக்குறை என்னவென்றால், இது எங்கே இருந்து வந்தது என்பதுதான். முதல் நாளே டாக்டரம்மா கேட்டார். "ரெண்டு பேர் குடும்பத்துலயும் யாருக்காவது இருதயத்துல கோளாறு உண்டா? சின்ன வயசுலயே யாராவது தவறினது உண்டா?" நான் சொன்னேன், "எங்க பக்கம் அப்படி யாரும் கிடையாது டாக்டரம்மா. இவங்க பக்கம் கேளுங்க." மாரிச்செல்வியின் சித்தப்பா ஒருவர் நெஞ்சுவலியில் போனார். அறுபத்திரண்டு வயது, வாயில் பீடி இல்லாத நேரம் கிடையாது. நான் அதைச் சொன்னேன். டாக்டரம்மா, "அது வேற. வயசான பிறகு ரத்தக்குழாய் அடைக்கிறது. இது கருவுலயே அமையுறது" என்றார். நான் விடவில்லை. அதுவும் நெஞ்சு, இதுவும் நெஞ்சுதானே?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அது அந்தச் சித்தப்பாவில்தான் போய் நிற்கும். சோறு குழைந்தாலும் சித்தப்பாதான். மூன்று வருடமாக நான் சொல்லிக்காட்டுகிறேன், அவள் பேசாமல் இருக்கிறாள். தப்பு இல்லாதவள் என்றால் திருப்பிப் பேச மாட்டாளா?

நீங்கள் கழுகுமலையில் இறங்க வேண்டுமா? இன்னும் நேரம் இருக்கிறது. சொல்லி முடித்துவிடுகிறேன்.

போன மாதம் தாரணியை வருடாந்திரச் சோதனைக்குக் கூட்டிப் போனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். கிளம்பும்போது மாரிச்செல்வி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இவங்க தங்கச்சி மாசமா இருக்கா டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். டாக்டரம்மா திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"பயப்பட வேண்டாம். நூறு குழந்தை பிறந்தா ஒண்ணுக்கு ஏதோ ஒரு இருதயக் கோளாறு இருக்கும், எல்லா ஊர்லயும் அப்படித்தான். குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா அது கொஞ்சம் கூடும். ரெண்டு பேருக்கு இருந்தா, சொந்தத்துல கட்டியிருந்தா, இன்னும் கூடும். அப்பவும் நல்லாப் பிறக்கிறதுதான் அதிகம். ஆனா வயித்துல இருக்கும்போதே குழந்தையோட இருதயத்தை மட்டும் பார்க்கிற ஸ்கேன் இருக்கு. அஞ்சாவது மாசம் பார்த்தா நல்லது, இப்பப் பார்த்தாலும் தெரியும். ஏதாவது இருந்தா, இருதய வைத்தியம் இருக்கிற இடத்துலயே பிரசவம் வெச்சுக்கலாம். சில குழந்தைக்குப் பிறந்த அன்னிக்கே வைத்தியம் வேணும். அதுக்குத்தான் சொல்றேன்."

சொல்லிவிட்டு இசக்கிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு தாள். குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று நிரப்புகிற தாள். தாரணிக்குத் தாய் வழி ஒரு பக்கம், தகப்பன் வழி ஒரு பக்கம். "யார் மேலயும் குற்றம் கண்டுபிடிக்க இல்ல, எங்க பார்க்கணும்னு எங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார். மாரிச்செல்வி அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தை அவள் நிரப்பிவிட்டாள். ஒன்றையும் ஒளிக்கவில்லை. சித்தப்பாவை எழுதியிருக்கிறாள். அவள் அம்மாவுக்கு முதலில் ஒரு ஆண் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்ததாம், அதைக்கூட எழுதியிருக்கிறாள். எங்கள் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். "நீங்க சொல்லுங்க, எழுதுறேன்" என்றாள். "எழுத ஒண்ணும் இல்லன்னு எழுது" என்றேன். அதை அவள் எழுதவில்லை.

நான் அந்தக் கடிதத்தை ஒரு மாதமாகக் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுப்பது? அத்தைக்கு போனில் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். "இந்தா, சீனி, இந்தப் பேச்சை இங்க எடுக்காத. உன் பொண்டாட்டி வீட்டுச் சீக்கை எம் மருமக தலையில கட்டாத" என்று வைத்துவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே.

இன்றைக்குக் காலையில் வளையல் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். மாரிச்செல்வி வாசலில் வந்து நின்றாள். அந்த உறையை வளையலுக்கு மேலே வைத்தாள். "நான் வரல, சரி. எம் பொண்ணு வரல, அதுவும் சரி. இதை மட்டும் இசக்கி கையில குடுத்துருங்க" என்றாள். தாரணி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது, "அத்தை பாப்பாவுக்கும் ஓட்டை இருக்குமாப்பா?"

"வாயைக் கழுவு" என்று கத்திவிட்டேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது கேட்கிற கேள்வியா அது? பிள்ளை முகம் சுருங்கிப் போயிற்று.

பாருங்கள், உறை இங்கேதான் இருக்கிறது. அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் என்ன ஆகும்? இசக்கி பயப்படுவாள். அத்தை ஆடுவாள். எதற்கு? எங்கள் பக்கம்தான் ஒன்றும் கிடையாதே! ஆறு தலைமுறை ஆட்டைச் சொல்கிறவன் என் வீட்டு ஆளைச் சொல்ல மாட்டேனா? தாத்தா எண்பது வயதுவரை இருந்தார். அப்பா பஸ் மோதி இறந்தார். அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. அத்தை கல்லு மாதிரி இருக்கிறாள். பிள்ளைகளில் நான், இசக்கி. ஒரு அக்கா இருந்தாள், அவளைச் சேர்ப்பதில்லை.

இல்லை, இல்லை, அவளுக்கு நோய் எல்லாம் கிடையாது. அவள் பயந்து செத்தாள். செண்பகவல்லி என்று பெயர். செண்பகம். என்னைவிட இரண்டு வயது மூப்பு. நல்ல அக்கா அண்ணாச்சி. கதை சொல்வாள். ஆனால் படு சோம்பேறி. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். அந்த ஒன்றரை மைலுக்குள் பத்து இடத்தில் குந்திவிடுவாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். "நீ போடா, நான் வாறேன்" என்பாள். எப்படிப் போவது? அம்மா அடிப்பாள். பிள்ளைகள் எல்லாம் அவளை அடைக்கோழி என்று கூப்பிடுவோம். நான்தான் முதலில் வைத்தேன் அந்தப் பெயரை.

அப்புறம் ஒரு நாவற்பழப் பைத்தியம். எப்போது பார்த்தாலும் வாய் ஊதாவாக இருக்கும். அம்மா தினமும் திட்டுவாள், "எந்த மரத்தடியிலடீ மேஞ்சுட்டு வாற? வாயைப் பாரு, வாயை." அக்கா, "நான் திங்கலம்மா" என்று சாதிப்பாள். பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு அடி விழும்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஊரில் ஓட்டப்பந்தயம் வைப்பார்கள். பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா பரிசு. அந்த வருடம் நான்தான் அவளை இழுத்தேன். "அடைக்கோழி ஓடாது, அடைக்கோழி ஓடாது" என்று பாட்டுப் பாடினேன். ரோஷம் வந்து ஓடினாள். ஓடிவிட்டாள் அண்ணாச்சி, முழுக்க ஓடினாள். எனக்கு முன்னால் போய்க் கயிற்றைத் தொட்டாள். தொட்டுவிட்டுக் குந்தினாள். நான் போய்த் தோளைத் தட்டினேன். அப்படியே சாய்ந்தாள்.

அத்தை ஓடி வந்து மடியில் போட்டுக்கொண்டாள். "புளியமரத்தடியில ஓடவிட்டீகளே, காத்துக் கறுப்பு அடிச்சிருச்சே, பயந்துட்டாளே" என்று அலறினாள். எல்லாரும் அதையே சொன்னார்கள். இசக்கி அப்போது கைக்குழந்தை. பெண் பிள்ளை இருக்கிற வீடு, ஒருத்தி இப்படிப் போனாள் என்று தெரிந்தால் இன்னொருத்தியை யார் கட்டுவார்கள்? அதனால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இசக்கிக்கே சரியாகத் தெரியாது. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அத்தை மடியில் கிடந்தவள் வாயெல்லாம் ஊதா. அன்றைக்கும் நாவற்பழம் தின்றிருக்கிறாள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதாள்.

என்ன கேட்டீர்கள்?

மாட்டுப் பொங்கலா? தை மாதம்தான். தை இரண்டு. மறுநாள் என்றால் மூன்று.

நாவற்பழம்... நாவற்பழம் ஆடியில் பழுக்கும். ஆவணியில் முடிந்துவிடும். நானே மரத்தை உலுக்கி ஆட்டுக்குப் போடுகிறவன்தான். எனக்குத் தெரியாதா?

தையில் ஏது?

கொஞ்சம் இருங்கள் அண்ணாச்சி. ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்தால் போதும்.

தினமும் அடித்தாள் அம்மா. "திங்கலம்மா, திங்கலம்மா" என்று சொன்னாள். வருடம் முழுக்க எந்த மரத்தில் பழுக்கும்? ஒருத்தரும் கேட்கவில்லை. முப்பது வருடமாக நானும் கேட்கவில்லை. டாக்டரம்மா தாரணி உதட்டைத் தொட்டுக் காட்டினாரே, குந்துவாளா என்று கேட்டாரே, அப்போதுகூட... எனக்குத் திக்கென்றது என்று சொன்னேனே அண்ணாச்சி. அது எதற்குத் திக்கென்றது? டாக்டருக்கு எப்படித் தெரிந்தது என்றா திக்கென்றது?

ஓடாது என்று பாடி ஓட வைத்தது நான்.

நூற்றில் ஒன்று என்றார். இரண்டு பேருக்கு இருந்தால் கூடும் என்றார். சொந்தத்தில் கட்டினால் இன்னும் கூடும் என்றார். நான் என்ன செய்தேன்? அத்தைக்குத் தெரியும், அவள் மடியில்தானே கிடந்தாள். ஒரு ஆட்டுக் குட்டிக்காக இன்னொரு ஊருக்கு நேரில் போய் விசாரித்தவன் நான்.

பேனா வைத்திருக்கிறீர்களா? சட்டைப் பையில் இருக்கிறதே, அதுதான். ஒரு நிமிஷம் கொடுங்கள். இந்தப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உறை கிழியாமல் எடுக்கிறேன்... ஆ, இரண்டு வளையல் போயிற்று. போகட்டும்.

இதுதான் எங்கள் பக்கம். நாலு கட்டம் போட்டிருக்கிறார்கள்.

பெயர். செண்பகவல்லி.

உறவு. எனக்கு அக்கா. இசக்கிக்கும் அக்கா. இசக்கி வயிற்றில் இருக்கிறதே, அதற்குப் பெரியம்மா. தாரணிக்கு அத்தை. இத்தனை உறவு இருந்திருக்கிறது அவளுக்கு. இதில் எதை எழுத?

வயது. பத்து. பத்து முடியவில்லை, பங்குனியில் முடிந்திருக்கும்.

என்ன தெரிந்தது. இந்தக் கட்டம் சின்னதாக இருக்கிறது. ஓடினால் குந்துவாள். உதடு ஊதா. பந்தயத்தில் ஓடி முடித்ததும் இறந்தாள். போதுமா? எழுத்து கோணிப் போகிறது, பஸ் குலுக்குகிறது. படித்துப் பாருங்கள், டாக்டருக்குப் புரியுமா? புரியும் இல்லையா? நாளைக்கே இசக்கியை மதுரைக்குக் கூட்டிப் போகிறேன். அத்தை ஆடட்டும். அவளும் வந்து கேட்கட்டும்.

போன் அடிக்கிறது. மாரிச்செல்விதான். வளையல் உடையாமல் இருக்கிறதா என்று கேட்பாள். உறையைப் பற்றிக் கேட்க மாட்டாள். ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள். எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது அண்ணாச்சி. கல்யாணமாகி எட்டு வருடம்.

கழுகுமலை வந்துவிட்டது, இறங்குங்கள். பேனாவைப் பிடியுங்கள். பார்த்து, படியில் ஆள் நிற்கிறான்.

"ஹலோ... ஆமா, பஸ்லதான். ரெண்டு உடைஞ்சிருச்சு, மத்தது நல்லா இருக்கு. மாரி, வச்சிராத. வச்சிராத, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கேட்டியே, அடைக்கோழின்னு யாரைக் கூப்பிடுவீங்கன்னு..."